மலைச் சிற்றூரில் இலையுதிர் காலம்



எங்கள் தோட்டப் பள்ளியின் நான்காம் ஆண்டு வகுப்பறைச் சுவரில் மாதம் ஒரு படமாகப் பன்னிரண்டு படங்கள் கொண்ட ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அதன் அக்டோபர் மாதத் தாளில் ஒரு மலைக்காட்சி. வானைக் குத்திக்கொண்டு நிற்கும் கூர்மையான பனிச்சிகரம். அதன் அடிவாரத்தில் கறுத்துப்போன மரவீடுகள். வீடுகளைச் சுற்றிலும் மஞ்சளை அரைத்துப் பூசியதுபோல் மரங்கள். தாளைத் திருப்பிய அன்று பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த ஊரிலும் பால்மரம் இருக்கிறதா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பள்ளிக்குப் பின்னால், செம்பனைக்கு மாறாமல் எஞ்சியிருக்கும் சில பால்மரங்கள், பிப்ரவரி மாதம் வந்தால் இதே நிறத்தில்தான் பழுத்து நிற்கும். அவன் தன் கண்ணால் கண்டதை வைத்துக் கேட்டிருக்கிறான். நல்ல கேள்வி அது.

அந்தப் படத்தில் இருந்த ஊர் செர்மாட். சுவிட்சர்லாந்து நாட்டின் தெற்கே, வலே என்னும் மாநிலத்தில் இருக்கும் மலைச் சிற்றூர். உலகெங்கிலுமிருந்து மக்கள் ஓய்வெடுக்கப் போகும் இடம். அவ்வூருக்குச் சென்று வந்தவன் என்ற முறையில் நான் இன்று பேச வரவில்லை. மாணவனுக்கு விடை சொல்லத் தேடித் தேடிப் படித்தவன் என்ற முறையில், அவ்வூரின் இலையுதிர் காலத்தைப் பற்றி உங்களோடு சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம்மவர் பலர் இப்பொழுது குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறார்கள். போகிறவர்களுக்கு இது பயன்படும். போகாதவர்களுக்கும் நம் தோட்டத்து மரத்தைப் புதிய கண்ணோடு பார்க்க உதவும்.

முதலில் ஊரைப் பார்ப்போம். செர்மாட் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், மூன்று பக்கமும் மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் அமைந்திருக்கிறது. அங்கே நிலையாக வாழ்கிறவர்கள் ஆறாயிரம் பேருக்கும் குறைவு. பேச்சு மொழி ஜெர்மன். ஊருக்கு மேலே நிற்கிறது நாட்காட்டியில் கண்ட சிகரம். மாட்டர்ஹோர்ன் என்பது அதன் பெயர். உயரம் 4,478 மீட்டர். நம் கினபாலு மலையைவிட ஏறத்தாழ 400 மீட்டர் அதிகம்.

இவ்வூரின் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. பெட்ரோலில் ஓடும் வண்டிகளுக்கு இங்கே இடமில்லை. காரில் வருகிறவர்கள் 5 கிலோமீட்டர் கீழே உள்ள டெஷ் என்னும் ஊரில் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து இரயிலில் ஏறி வரவேண்டும். ஊருக்குள் ஓடுபவை மின்கல வண்டிகளும் குதிரை வண்டிகளுமே. ஆகையால் தெருவில் நடக்கும்போது காதில் விழுவது ஆற்றின் இரைச்சலும் ஆட்டுமணி ஓசையும் மாதா கோயில் மணியோசையும்தான்.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். அவ்வூரில் மரங்கள் ஏன் பழுக்கின்றன?

உயரமான இடம், குளிர்ந்த இடம், அதனால்தான் என்று நாம் உடனே சொல்லிவிடக்கூடும். அது முழு விடையாகாது. நம் கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செர்மாட்டுக்கும் அதற்கும் உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கேமரன் மலையில் எந்த மாதம் போனாலும் தேயிலைச் செடி பச்சையாகவே இருக்கிறது. கொழுந்து பறிப்பும் ஆண்டு முழுவதும் நடக்கிறது. அங்கே ஏன் இலையுதிர் காலம் இல்லை?

உயரம் ஓரிடத்திற்குக் குளிரைத் தரும், பருவத்தைத் தராது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதையும், டயரின் வால்வைத் திறந்துவிட்டால் சீறி வரும் காற்று விரலில் சில்லென்று படுவதையும் நாம் அறிவோம். அதே விதிதான் இது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். கேமரன் மலை குளிர்வதற்குக் காரணம் இதுவே.

பருவத்தைத் தருவது பூமியின் சாய்வு. நாம் வாழும் இவ்வுலகம் இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றி வருகிறது. பூமத்திய ரேகைக்கு அருகே உள்ள நமக்கு இந்தச் சாய்வு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஜனவரியானாலும் ஜூலையானாலும் நமக்குப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். செர்மாட்டோ வடக்கே 46 டிகிரியில் இருக்கிறது. அங்கே ஜூன் மாதத்தில் பகல் பதினைந்தரை மணி நேரத்திற்குக் குறையாது. டிசம்பரில் அது எட்டரை மணி நேர அளவுக்குச் சுருங்கிவிடும். செப்டம்பர் 22 அல்லது 23ஆம் நாள் பகலும் இரவும் சமமாகின்றன. அதன்பின் ஒவ்வொரு நாளும் பகல் சில நிமிடங்கள் தேய்கிறது. இதில் மலைகளும் சேர்ந்துகொள்கின்றன. சூரியன் மறையும் முன்பே மலைநிழல் பள்ளத்தாக்கில் விழுந்துவிடுகிறது.

மரங்கள் இந்தத் தேய்வை உணர்கின்றன. இலை என்பது மரத்தின் சமையலறை. பச்சையம் அங்கே உள்ள அடுப்பு. சூரிய ஒளியே விறகு. விறகு குறைந்து, குளிரும் கூடிவிட்டால், அடுப்பெரிப்பதில் இலாபமில்லை. அப்போது மரம் தன் சமையலறையை மூடத் தொடங்குகிறது. எப்படி மூடுகிறது என்பதில்தான் வியப்பு இருக்கிறது. இலையை அப்படியே உதறிவிடுவதில்லை. பச்சையத்தைச் சிதைத்து, இலையில் உள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளில் ஒரு பெரும் பகுதியைக் கிளைக்கும் தண்டுக்கும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை போனதும், அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. மஞ்சள் புதிதாக வந்த நிறமன்று. கோடை முழுவதும் இலைக்குள் இருந்ததுதான். சில செடிகள் இந்நேரத்தில் சிவப்பு நிறமியைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். செர்மாட் மலைச்சரிவில் தரையோடு படர்ந்திருக்கும் பில்பெர்ரிப் புதர்கள் இப்படித்தான் சிவந்து, சரிவெங்கும் குங்குமம் கொட்டியதுபோல் தோன்றும். சத்தை எடுத்து முடித்தபின், காம்பின் அடியில் ஒரு மெல்லிய தடுப்பு உண்டாகி, இலை கழன்று விழுகிறது. மரத்தில் காயம் இருப்பதில்லை.

நாட்காட்டியில் பொன்னிறமாக நின்றது லார்ச் என்னும் மரம். அது ஊசியிலை மர வகையைச் சேர்ந்தது. ஊசியிலை மரங்கள் ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் என்று நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். ஐரோப்பாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரங்களில் லார்ச் மட்டும் அந்த விதிக்கு விலக்கு. அக்டோபரில் அதன் ஊசிகள் அத்தனையும் பொன்னாகி, மாத இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் உதிர்ந்துவிடும். குளிர்காலத்தில் மண்ணில் உள்ள நீர் உறைந்து கட்டியாகிவிடும். வேர் நீரை உறிஞ்ச முடியாது. இலை இருந்தால் அதன் வழியே நீர் வெளியேறி மரம் வறண்டுபோகும். இலையை விட்டுவிட்ட லார்ச், கடுங்குளிரையும் பனிச்சுமையையும் தாங்கி நிற்கிறது.

நம் பால்மரம் இலையுதிர்ப்பதும் இதே நோக்கத்தோடுதான். ஆனால் காரணம் குளிரன்று, வறட்சி. ஆண்டின் தொடக்கத்தில் மழை குறையும் மாதங்களில் நீரைக் காத்துக்கொள்ள அது இலையை விடுகிறது. விடுவதற்கு முன் அதுவும் இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு புதுத்தளிர் விடும்போது, சேர்த்துவைத்த சத்தெல்லாம் தளிருக்குப் போகும். மங்கில் விழும் பால் குறையும். பால் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மரம் பழுத்தால் சம்பளம் இளைக்கும், கடைக்கணக்கு ஏறும் என்பது லயத்துக் குழந்தைக்கும் தெரிந்த பாடம். மேலே பொன்னும் சிவப்புமாய் அழகு. கீழே வீட்டில் நெருக்கடி. இந்த இரண்டையும் ஒருசேர அறிந்தவர்கள் நாம். அதனால்தான் செர்மாட்டின் இலையுதிர் காலத்தைப் புரிந்துகொள்ளும் தகுதி நமக்குச் சற்று அதிகமாகவே உண்டு என்று நினைக்கிறேன்.

அங்கேயும் அழகுக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. வரப்போகும் குளிர்காலமே அது. அந்த மலையில் இலையுதிர் காலம் என்பது உயிர்கள் எல்லாம் தம் கணக்கை முடித்துக்கொள்ளும் காலம். மார்மட் என்னும் ஒரு விலங்கு அங்கே புல்வெளிகளில் வாழ்கிறது. பெரிய அணில் இனத்தைச் சேர்ந்தது. கோடையில் தின்று தின்று கொழுத்து, அக்டோபரில் குடும்பம் முழுவதும் ஒரே வளைக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். ஏப்ரல் வரை ஏறத்தாழ ஆறு மாதம் உறக்கம். உடம்பில் சேர்த்த கொழுப்பே அதுவரை உணவு. நட்கிராக்கர் என்னும் பறவை பைன் மர விதைகளைப் பல்லாயிரக்கணக்கில் மண்ணுக்குள் ஒளித்துவைக்கும். பனி மூடியபின்னும் பெரும்பாலானவற்றைத் தோண்டி எடுத்துவிடும். எடுக்காமல் விட்டவை முளைத்து மரமாகும். அம்மலையில் உள்ள ஆரோலா பைன் காடுகள் பெரும்பாலும் இந்தப் பறவை போட்ட விதையால் உண்டானவையே.

மனிதர்களும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். செர்மாட்டின் பழைய தெருவில் இன்றும் சில களஞ்சியங்கள் நிற்கின்றன. லார்ச் மரத்தால் கட்டப்பட்டு, நூற்றாண்டுகள் வெயில் பட்டுக் கறுத்துப்போனவை. ஒவ்வொரு களஞ்சியமும் மரக்கால்களின் மேல் நிற்கும். காலுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே அகலமான தட்டைக் கல் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். சுற்றுலாப் பயணிகள் அதை அழகுக்கு வைத்த கல் என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது எலிக்கு வைத்த தடை. காலில் ஏறிவரும் எலி, கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாக நடந்து விளிம்பைத் தாண்ட முடியாது. ஓர் ஆண்டுத் தானியம் அந்தக் கல்லை நம்பி இருந்தது.

தானியம் என்றால் ரை என்னும் குளிர்நாட்டுத் தானியம். அதைக் கொண்டு வலே மாநில மலையூர்களில் அந்நாளில் ரொட்டி சுட்டது ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான். ஊர்ப் பொது அடுப்பை மூட்டி, எல்லாக் குடும்பமும் முறைவைத்துச் சுட்டுக்கொள்ளும். அந்த ரொட்டியைப் பல மாதம் வைத்து உண்பார்கள். கோடையில் மேய்ச்சலுக்கு மேலே போன ஆடுமாடுகள் செப்டம்பரில் இறங்கி வரும். வலே மாநிலத்துக்கே உரிய கறுப்பு மூக்குச் செம்மறி ஆடு உடலெல்லாம் வெண்கம்பளமும் முகமெல்லாம் கறுப்புமாக இருக்கும். சுவிஸ் மலையூர்கள் சிலவற்றில் இன்னொரு வழக்கமும் உண்டு. கோடையில் மேய்ச்சல் நிலத்தில் எல்லோருடைய பாலையும் ஒன்றாகச் சேர்த்துப் பாலாடைக்கட்டி செய்வார்கள். இலையுதிர் காலத்தில் கீழே வந்ததும், யாருடைய பசு எவ்வளவு பால் தந்ததோ அதற்கு ஏற்பக் கட்டிகளைப் பங்கு பிரிப்பார்கள். பாலை நிறுத்துச் சம்பளம் வாங்கிய நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

இவ்வளவு கட்டுச் செட்டாக வாழ்ந்த ஊர் எப்படி உல்லாசத்தலமாயிற்று? அதற்கு ஒரு துயரக் கதையும் ஓர் இரயில் பாதையும் காரணம். 1865ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், எட்வர்டு விம்பர் என்னும் ஆங்கிலேயரும் அவருடன் சென்ற அறுவரும் மாட்டர்ஹோர்ன் சிகரத்தை முதன்முதலில் அடைந்தார்கள். இறங்கும் வழியில் கயிறு அறுந்து நால்வர் விழுந்து மாண்டார்கள். எஞ்சி வந்த மூவரில் இருவர் செர்மாட்டைச் சேர்ந்த வழிகாட்டிகள், தந்தையும் மகனும். அறுந்த அந்தக் கயிறு இன்றும் அவ்வூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இச்செய்தி ஐரோப்பா முழுவதும் பரவ, அந்த மலையைக் காண மக்கள் வரத் தொடங்கினார்கள். 1891இல் விஸ்ப் நகரிலிருந்து செர்மாட்டுக்கு இரயில் வந்தது. 1898இல் ஊரிலிருந்து 3,089 மீட்டர் உயரமுள்ள கோர்னர்கிராட் முகட்டுக்குப் பல்சக்கர மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. ஆடு மேய்த்த குடும்பங்கள் வழிகாட்டிகளாகவும் விடுதிக்காரர்களாகவும் ஆயின.

இன்று அவ்வூர் கோடையிலும், பனிச்சறுக்கு நடக்கும் குளிர்காலத்திலும் நிரம்பி வழிகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இலையுதிர் காலமே சற்று அமைதியானது. ஓய்வை விரும்புகிறவர்களுக்கு ஏற்றது அதுதான். கோடையில் பிற்பகலில் வரும் இடிமழை அக்டோபரில் குறைந்துவிடும். கீழ்நாட்டில் மூடுபனி கடல்போல் பரந்து கிடக்க, மேலே மலையில் நீலவானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருக்கும் நாள்கள் பல.

அப்படி ஒரு நாளை எப்படிக் கழிக்கலாம்? காலையில் புல்நுனியெல்லாம் வெண்பனி உறைந்திருக்கும். எட்டு மணி அளவில் வெயில் முதலில் சிகரத்தின் தலையில் விழுந்து, பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். கோர்னர்கிராட் இரயிலில் ஏறினால் முதலில் லார்ச் காடு; பிறகு மரமே இல்லாத புல்வெளி; அதற்கும் மேலே பாறையும் பனியும். ஓர் அரைமணி நேர ஏற்றத்தில் ஒரு கண்டத்தையே கடந்ததுபோல் இருக்கும். முகட்டில் நின்றால் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட 29 சிகரங்களைக் காணலாம் என்பர். இறங்கும்போது ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், ரிஃபெல் ஏரி என்னும் சிறு நீர்நிலை. காற்றில்லாத காலையில் மாட்டர்ஹோர்ன் அதில் தலைகீழாக நிற்கும். அங்கிருந்து கால்நடையாகவே லார்ச் காட்டின் வழியே ஊருக்கு இறங்கலாம். காலடியில் பொன்னூசிகள் மெத்தைபோல் கிடக்கும். மாலையில் விடுதிக்குத் திரும்பினால், உருக்கிய பாலாடைக்கட்டியை அவித்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துத் தரும் ராக்லெட் என்னும் உணவு. சைவ உணவுக்காரர்களும் பசியாற வழியுண்டு. இறைச்சி சேர்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நலம்.

போகிறவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ளவேண்டும். அக்டோபரில் ஊருக்குள் பகல் வெப்பம் 10 டிகிரி அளவில் இருக்கும்; இரவில் உறைநிலையை நெருங்கும். மேலே முகட்டில் பகலிலேயே அதைவிடப் பத்து டிகிரிவரை குறையும். ஒரே ஒரு தடித்த சட்டையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய உடைகள் அணிவது நல்லது. இடையில் தங்கும் காற்றே குளிரைத் தடுக்கும். மூவாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். அங்கே ஓடியாடக் கூடாது. தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் கண்டால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் கீழே இறங்கிவிடவேண்டும். இதயநோய் உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவதே முறை. இருட்டு விரைவில் வரும். நடைப்பயணத்தைக் காலையில் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். நிழலில் உள்ள பாதையில் நண்பகலிலும் பனிக்கட்டி உருகாமல் வழுக்கும். இந்த மாதங்களில் சில விடுதிகளும் தொங்கு வண்டிகளும் பராமரிப்புக்காக மூடப்படுவதுண்டு. முன்னதாகக் கேட்டறிந்து புறப்பட்டால் ஏமாற்றம் இல்லை.

நேயர்களே, இலையுதிர் காலத்தில் அந்த மலையில் முடிக்கப்படும் கணக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. கோர்னர்கிராட் முகட்டிலிருந்து கீழே நோக்கினால் கோர்னர் பனியாறு தெரியும். பனியாறு என்பது ஆண்டாண்டாக விழுந்த பனி இறுகிக் கட்டியாகி, தன் எடையால் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் ஆறு. குளிர்காலத்தில் விழும் பனி அதன் வரவு. கோடையில் உருகும் நீர் அதன் செலவு. பனியாற்று அறிஞர்களின் கணக்காண்டு அக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. ஆகவே ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அவர்கள் மலையேறி, பனியில் முன்பே நட்டுவைத்த கம்புகளை அளந்து, அவ்வாண்டு இலாபமா நட்டமா என்று பார்க்கிறார்கள். பல்லாண்டுகளாகவே விடை நட்டம்தான். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் பனியில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை இழந்தன. 1960 முதல் 1990 வரை முப்பது ஆண்டுகளில் இழந்த அளவு அது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் காற்றில் சேர்த்த கரியமில வாயு உலகைச் சூடாக்கியதன் விளைவு.

அது தொலைதூரத்து இழப்பு என்று இருந்துவிட முடியாது. அந்தப் பனியாற்று நீரே ஓடையாகி, ரோன் ஆற்றில் கலந்து, வழிநெடுக வயலுக்கும் மின்சாரத்துக்கும் பயன்பட்டுக் கடலுக்குப் போகிறது. மேலும், உறைந்த பனியே உயரத்தில் உள்ள பாறை இடுக்குகளைப் பசைபோல் பிடித்துவைத்திருக்கிறது. பசை இளகினால் பாறை சரியும். 2025ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், அதே வலே மாநிலத்தில், பிளாட்டன் என்னும் சிற்றூரின் மேலே இருந்த பனியாறு, தன்மேல் சரிந்து குவிந்த பாறைகளின் சுமை தாங்காமல் உடைந்து வீழ்ந்தது. ஊரின் பெரும்பகுதி புதையுண்டது. மலையை நாள்தோறும் கவனித்து வந்தவர்கள் முன்கூட்டியே எச்சரித்ததால், ஏறத்தாழ 300 ஊர்மக்கள் சில நாள் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஓர் உயிர் போயிற்று, ஏனையோர் தப்பினார்கள். வீடும் களஞ்சியமும் போயின. கணக்குப் பார்ப்பவர்கள் இருந்ததால் மக்கள் பிழைத்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

நம் கேமரன் மலையும் இதற்கு விலக்கன்று. அங்கே காட்டை வெட்டிச் சரிவுகளைத் திறந்துவிட்டதால், மழை மண்ணை அரித்துவந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்தைச் சேற்றால் நிரப்பியிருக்கிறது. விடுமுறைக்குக் குளிர்காற்று வாங்கப் போகும் நாம், அந்தக் குளிரைத் தருகிற மலையின் வரவு செலவையும் ஒருகணம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இலையுதிர் காலத்தில் ஒரு மலைச் சிற்றூருக்குப் போய்ப் பொன்னிற மரத்தைப் பார்த்து மகிழ்வதில் தவறே இல்லை. உழைத்துக் களைத்த மனிதனுக்கு அந்த ஓய்வு வேண்டும். ஆனால் அந்தப் பொன்னிறம் என்ன என்று அறிந்து பார்த்தால் மகிழ்ச்சி இரட்டிப்பாகும். நாம் காண்பது ஒரு மரம் தன் ஆண்டுக் கணக்கை முடித்து, வேண்டியதை உள்ளே வாங்கிக்கொண்டு, வேண்டாததைக் கீழே விடும் காட்சி. காலடியில் எலிக்கல் வைத்த களஞ்சியமும், வளைக்குள் உறங்கும் மார்மட்டும், கம்பை அளக்கும் அறிஞரும் அதே கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "அந்த ஊரில் பால்மரம் இல்லை, தம்பி. ஆனால் பால்மரத்தின் உறவுக்காரனைப்போல் ஒரு மரம் இருக்கிறது. பனி வரப்போகிறது என்று தெரிந்து அது இலையை விடுகிறது. வெயில் வரப்போகிறது என்று தெரிந்து நம் மரம் விடுகிறது. இரண்டும் விடுவதற்கு முன்னால் சேர்த்துவைத்துக்கொள்கின்றன." அவன் சற்றே யோசித்துவிட்டு, "அதனால்தான் பாட்டி, மரம் பழுக்குமுன் அரிசி வாங்கி வைத்துவிடுவார்களாம், ஐயா," என்றான். அன்று அந்த வகுப்பில் நான் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த பிப்ரவரியில் உங்கள் ஊர்ப் பக்கம் பால்மரம் பழுத்து நின்றால், பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். பழுத்த இலை ஒன்றையும் பச்சை இலை ஒன்றையும் கையில் கொடுத்து வேறுபாட்டைக் கேளுங்கள். செர்மாட் வரை போக இயலாதவர்க்கும் இலையுதிர் காலம் வாசலிலேயே இருக்கிறது.